பார்த்தாலே தெரியுது! அப்படியா?



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், தவணை, வங்கி என்று எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைக்கிறோம். ஆனால் எந்தப் புத்தகத்திலும் எழுதாத ஒரு விஷயமும் கூட்டத்தில் நடக்கிறது. புதிதாக ஒரு பெண் உள்ளே வருகிறார். மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் மெதுவாகச் சொல்கிறோம்: "பார்த்தாலே தெரியுது." அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் குழுவில் இடம் உண்டா, கடன் உண்டா என்பது அந்த நிமிடமே பாதி முடிவாகி விடுகிறது.

இந்த இதழில் இந்த "பார்த்தாலே தெரியுது" பற்றித்தான் பேசப் போகிறோம். அது நமக்கு எவ்வளவு செலவு வைக்கிறது, மனதில் எப்படி வருகிறது, குழுவில் இதைப் பற்றி எப்படிக் கலந்து பேசுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு குழுவில் நடந்தது

நாங்கள் களப்பணி செய்யும் பகுதியில் ஒரு குழு. பெயர் வேண்டாம். 14 உறுப்பினர்கள். பொங்கல் முடிந்து நடந்த கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தார். குழுவில் சேர வேண்டும் என்று கேட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர் இல்லை, வாடகைக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகள். முகத்தில் பவுடர், தலையில் பூ, இஸ்திரி போட்ட சேலை. கணவர் கூட இல்லை. தினமும் ராத்திரி ஒன்பதரை மணி கடைசி பஸ்ஸில்தான் வீடு திரும்புவார். பஸ்ஸைத் தவற விட்டால் ஒருவர் பைக்கில் கொண்டு வந்து விடுவார். ஊர் பேசுவதற்கு இது போதாதா?

கூட்டத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "இப்ப ஆளு நிறைஞ்சிருக்கும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு குழுவில் 20 பேர் வரை இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவரும் புரிந்துகொண்டு பேசாமல் போய்விட்டார்.

அந்தப் பெண் யார் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறார். பவுடரும் பூவும் இஸ்திரிச் சேலையும் கடையில் போட்டிருக்கும் கண்டிப்பு. கடை மூடி, சேலைகளை மடித்து அடுக்கி வைத்துவிட்டு வெளியே வரவே ஒன்பது மணி ஆகிவிடும். பைக்கில் கொண்டு வந்து விட்டவர் கூடப் பிறந்த தம்பி. வெளியூருக்கு வேலைக்குப் போன கணவர் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. இதில் எதுவுமே ரகசியம் இல்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஜூன் மாதம் அவருக்கு ஒரு நெருக்கடி. மகள் பெரியவளாகி விட்டாள். ராத்திரி ஒன்பதரை மணி வரை பிள்ளைகளைத் தனியாக விட மனம் இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கலாம் என்று தையல் மெஷின் வாங்க முடிவு செய்தார். தையல் நன்றாகத் தெரியும். மெஷினுக்கும் சாமான்களுக்கும் 10,000 ரூபாய் தேவை. குழுவில் இடம் கிடைக்கவில்லை. பத்து வட்டிக்கு வாங்கினார்.

கதை இதோடு முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் அதே குழுவுக்கு வேறு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஷூ, கையில் தோல் பை, கழுத்தில் அடையாள அட்டை. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். "குறைஞ்ச வட்டியில ஆளுக்கு ஐம்பதாயிரம் லோன். முன்பணமா ஐநூறு ரூபாய் மட்டும் கட்டினா போதும்" என்றார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, 14 பேரும் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். 7,000 ரூபாய். அந்த மனிதர் திரும்ப வரவே இல்லை. அவர் கொடுத்த போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

விஷயம் தெரிந்து நாங்கள் போனபோது அந்தக் குழுவில் வயதில் மூத்த அம்மா ஒருவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு எட்டு மாசமா நம்ம தெருவுலதான் குடியிருக்கு. ஒரு வார்த்தை கேக்கல. இந்த ஆளை அரை மணி நேரத்துல நம்பிட்டோம். ரெண்டு தடவையும் சட்டைத் துணியப் பாத்துதான் முடிவு பண்ணியிருக்கோம்."

அந்த அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள். இதையும் கணக்காகப் பார்ப்போம்.

பத்து வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 10,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

அதே பணத்தைக் குழுவில் 2 ரூபாய் வட்டிக்கு உள்கடனாக வாங்கி, மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டி வந்திருந்தால்? முதல் மாதம் வட்டி 200, அடுத்த மாதம் 180, அதற்கு அடுத்த மாதம் 160 என்று குறைந்துகொண்டே வந்து பத்தாவது மாதம் 20 ரூபாய். மொத்த வட்டி 1,100 ரூபாய். அசலும் முடிந்திருக்கும்.

வட்டியில் மட்டும் வித்தியாசம் 8,900 ரூபாய். ஜனவரியில் சேர்த்திருந்தால் ஜூன் மாதத்துக்குள் சேமிப்பும் சேர்ந்திருக்கும், கடன் கொடுக்கத் தடையும் இருந்திருக்காது. "பார்த்தாலே தெரியுது" என்ற ஒரு வார்த்தைக்கு அந்தப் பெண் கொடுத்த விலை இது. குழுவுக்கும் நஷ்டம்தான். வர வேண்டிய 1,100 ரூபாய் வட்டி வரவில்லை. ஒரு நல்ல உறுப்பினர் கிடைக்கவில்லை. வெள்ளைச் சட்டையை நம்பியதில் 7,000 ரூபாய் போனது தனி.

இங்கே ஒன்றைச் சொல்லி விடுகிறோம். தமிழ்நாட்டில் அதிக வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் குற்றம். ஆனால் அவசரத்துக்குப் பணம் கிடைக்க வேறு வழி இல்லாதபோது பெண்கள் அங்கேதான் போகிறார்கள். அந்த வேறு வழியாக இருப்பதற்குத்தான் நாம் குழு வைத்திருக்கிறோம்.

மனசு ஏன் இப்படிச் செய்கிறது?

முதல் பார்வையில் ஒரு எண்ணம் வருவது யாருக்கும் இயல்புதான். அது பாவம் இல்லை. அமெரிக்காவில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் முகப் படங்களைக் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். படத்தைக் காட்டிய நேரம் சிலருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும். கண் சிமிட்டும் நேரம். அதற்குள்ளேயே முடிவு சொல்லிவிட்டார்கள். வேறு சிலருக்கு அரை நொடி, ஒரு நொடி என்று கூடுதல் நேரம் கொடுத்தார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. "நான் சொன்னது சரிதான்" என்ற தைரியம் மட்டும் கூடியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஆளைப் புரிந்துகொண்டு விடலாம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க நம் எண்ணம்தான் கெட்டிப்படும். ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும், அவர் செய்வதைப் பார்க்க வேண்டும்.

இருட்டில் வரப்பு மேல் நடந்து போகிறோம். காலடியில் நீளமாக ஏதோ கிடக்கிறது. "பாம்பு!" என்று ஒதுங்குகிறோம். ஒதுங்கியது தப்பே இல்லை. உயிர் பிழைக்க மனசு அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஊருக்குள் வந்து "வரப்புல பாம்பு கெடக்கு" என்று சொன்னால் அது தப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் அது மாட்டுக் கயிறாக இருக்கும்.

எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு ஊருக்கு முதல் முறை போயிருந்தோம். மந்தையில் கிழிந்த சேலையோடு, கையெல்லாம் சாணியோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். "அம்மா, இந்தக் குழுவோட ஊக்குநரைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்று கேட்டோம். "நாந்தாங்க ஊக்குநர். கை கழுவிட்டு வர்றேன், உக்காருங்க" என்றார். சமூகப்பணி படித்து, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போன எங்கள் நிலைமை இது. அன்று அவர் எடுத்து வைத்த பேரேடுகளில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அச்சு வெல்லம் மாதிரி

முதல் பார்வை எண்ணம் ஒரு ஆளைப் பற்றியது. அதைவிடக் கெட்டியான இன்னொன்று இருக்கிறது. ஒரு கூட்டத்தையே பற்றி முன்கூட்டியே வைத்திருக்கும் முடிவு. இங்கிலீஷில் இதை ஸ்டீரியோடைப் என்பார்கள். அந்தச் சொல் அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துகளைக் கோர்த்து ஒரு முறை தகடாக வார்த்துவிட்டால், அதை வைத்து ஒரே மாதிரி எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வால்டர் லிப்மேன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922-ல் எழுதிய ஒரு நூலில், நம் மனதில் இருக்கும் இப்படிப்பட்ட எண்ணங்களுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

நமக்குத் தெரிந்த உதாரணம் அச்சு வெல்லம். பாகு எதுவானாலும் அச்சில் ஊற்றினால் ஒரே வடிவம்தான் வரும். நம் மனதில் சில அச்சுகள் தயாராக இருக்கின்றன. வருகிறவர் யாராக இருந்தாலும் அதில் ஊற்றிவிடுகிறோம். நம் கூட்டங்களில் நாங்கள் கேட்ட சில பேச்சுகள்:

"குடிகாரன் பொண்டாட்டிக்குக் கடன் கொடுத்தா திரும்பி வராது."

"படிக்காதவளுக்குக் கணக்கு என்ன தெரியும்?"

"காலனிக்காரங்களச் சேத்தா சண்டைதான் வரும்."

"புருஷன் இல்லாதவ, நாளைக்கு ஊரை விட்டுப் போயிட்டா யார்கிட்ட கேக்குறது?"

"வயசானவ, நாளைக்கே கண்ணை மூடிட்டா?"

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்வோம். சோற்றுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. ஒரு பருக்கை வெந்தால் எல்லாம் வெந்திருக்கும். மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்களா? ஒரே அம்மா வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும்கூட ஒரே மாதிரி இருப்பதில்லையே!

இந்த அச்சு ஏன் உடைவதில்லை தெரியுமா? ஒரு குடிகாரரின் மனைவி ஒரு தவணை தவறினால், "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்கிறோம். அதே நிலையில் உள்ள வேறு நான்கு பேர் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. நமக்குச் சாதகமானது மட்டும் நினைவில் நிற்கிறது, மற்றது மறந்து போகிறது. ஆனால் பேரேட்டில் இரண்டும் எழுதியிருக்கும். அதனால்தான் சந்தேகம் வரும்போது பேரேட்டைத் திறக்கச் சொல்கிறோம்.

நம்மையும் இப்படித்தான் பார்த்தார்கள்

"ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்தா திரும்ப வராது." ஒரு காலத்தில் இதைச் சொன்னவை வங்கிகள். நிலப் பத்திரம் உண்டா, ஜாமீன் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றால் வாசலோடு சரி.

வங்கதேசத்தில் 1976-ல் முகம்மது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், தன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் வேலை செய்யும் பெண்களைச் சந்தித்தார். வியாபாரிகளிடம் கடன்பட்டு, உழைப்பின் பலனை எல்லாம் அவர்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட தொகை வெறும் 27 டாலர். தன் கையிலிருந்து கொடுத்தார். வங்கிகள் நம்பவில்லை. அவர் தொடங்கிய வேலை 1983-ல் கிராமீன் வங்கியாக மாறியது. 2006-ல் அவருக்கும் அந்த வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்ப்போம் என்று நாடு முழுவதற்கும் ஒரு சோதனைத் திட்டம் போட்டது. சொத்து இல்லை, ஜாமீன் இல்லை. கூட்டத்துக்கு வருகிறார்களா, சேமிக்கிறார்களா, தங்களுக்குள் கொடுத்த கடனைத் திருப்புகிறார்களா என்று புத்தகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். இன்று நாம் வங்கியில் போய் உட்கார்ந்து மேனேஜரோடு பேசுகிறோம் என்றால் அங்கே ஆரம்பித்ததுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். "பொம்பள சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேலி செய்தவர்கள் நிறைய. இன்று பெண் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

நம்மைப் பார்த்த உடனே முடிவு கட்டியவர்களை நாம் மறக்கவில்லை. அதே பார்வையால் இன்னொரு பெண்ணை நாம் பார்க்கலாமா?

சட்டமே முத்திரை குத்தினால்?

ஒரு சிலர் பேசுவதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு அரசாங்கமே இப்படி முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தார்கள். சில சாதிகளையும் நாடோடி மக்களையும் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று அறிவித்த சட்டம் அது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்தில் இதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். திருடினாரா இல்லையா என்ற கேள்வியே இல்லை. அந்தச் சாதியில் பிறந்தவர் என்றால் கைரேகை பதிய வேண்டும், அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது, ராத்திரியில் காவல் நிலையத்துக்குப் போய் ஆஜர் கொடுக்க வேண்டும்.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. உயிர் இழந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது. ஆனால் ஊரில் ஒரு கோழி காணாமல் போனால் முதலில் யார் வீட்டுப் பக்கம் பார்க்கிறோம்? யோசித்துப் பாருங்கள்.

அரசு மனது வைத்தால் முத்திரையை அழிக்கவும் முடியும். திருநங்கைகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதும் கேலி செய்வதும் நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. 2008-ல் தமிழ்நாட்டில் அவர்களுக்கு நல வாரியம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. அவர்களும் சுய உதவிக் குழுக்கள் அமைத்துத் தொழில் செய்கிறார்கள்.

குழுவில் எப்படிப் பேசுவது?

இதைப் பாடம் நடத்துவது போலச் சொன்னால் யாருக்கும் மனதில் ஏறாது. கூடி உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் சில குழுக்களில் செய்து பார்த்த முறை இது. முக்கால் மணி நேரம் போதும். சேமிப்பு, தவணை வசூல் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பணம் எண்ணும்போது வேண்டாம்.

1. வட்டமாக உட்காருங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் தரையிலேயே உட்காரட்டும்.

2. முதலில், "என்னைப் பார்த்து மற்றவர்கள் தப்பாக நினைத்த ஒரு சம்பவம்" என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், ரேஷன் கடையில், மாமியார் வீட்டில் என்று எல்லோருக்கும் ஒன்று இருக்கும். இதில் ஆரம்பித்தால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

3. அடுத்து சீட்டு விளையாட்டு. முதல் சீட்டில் ஒருவரின் தோற்றம் மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: "தலை வாரவில்லை. கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார்." இவருக்கு 5,000 ரூபாய் கடன் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பிறகு இரண்டாவது சீட்டைப் படியுங்கள்: "ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, விடியற்காலை பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தார். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை." இப்போது மறுபடியும் கேளுங்கள். இதே போல நல்ல தோற்றத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்.

4. மூன்றாவதாக, "நான் ஒருவரைத் தப்பாக நினைத்து, பிறகு தெரிந்துகொண்ட சம்பவம்." இதை ஊக்குநர் முதலில் சொல்லட்டும். அவர் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். ஊரில் இருப்பவர் பெயரைச் சொல்ல வேண்டாம்.

5. குழுவில் ஒரே ஒருவர்தான் கணவரை இழந்தவர், அல்லது ஒரே ஒருவர்தான் வேறு சாதிக்காரர் என்றால், "நீ சொல்லும்மா, உனக்கு எப்படி இருக்கு?" என்று அவரை எழுப்பி விடாதீர்கள். அவராக விரும்பினால் பேசட்டும். எல்லோர் முன்னாலும் அவரை உதாரணமாக்கினால் அதுவும் ஒரு முத்திரைதான்.

6. கடைசியாக ஒரு கேள்வி: "போன ஒரு வருஷத்தில் நாம் யாரையாவது கேட்காமலேயே திருப்பி அனுப்பினோமா?" இதற்குப் பதில் உடனே வராது. அமைதியாக இருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் யாராவது தானாகவே பேச்சை எடுப்பார்கள்.

பேச்சு சூடானால்? சூடாகும். ஒரு குழுவில் இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். அன்றைக்கே தீர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்வியே போதும்.

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது?

ஒருவரைச் சேர்க்கும்போதும் கடன் கொடுக்கும்போதும் பார்க்க வேண்டியவை இவை:

கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறாரா, அல்லது வர முடியுமா?

சேமிப்பு தவறாமல் கட்டுகிறாரா?

முன்பு வாங்கிய கடனை எப்படிக் கட்டினார்? தவறியிருந்தால் காரணம் என்ன?

எதற்காகக் கடன்? அதிலிருந்து வருமானம் எப்போது வரும்?

மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று அவரே சொல்கிறார்?

பார்க்கக் கூடாதவை: சேலை, நகை, நிறம், சாதி, மதம், தாலி, பிள்ளை இருக்கிறதா இல்லையா, கணவர் செய்யும் காரியம், வீடு ஓட்டு வீடா மாடி வீடா.

"அப்படின்னா யாரையும் சந்தேகமே படக் கூடாதா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. சந்தேகம் வரலாம். சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும். எல்லோரையும் ஒரே மாதிரி விசாரிக்க வேண்டும். பவுடர் போட்ட பெண்ணிடம் கேட்கும் கேள்வியை வெள்ளைச் சட்டைக்காரரிடமும் கேட்க வேண்டும். வெளியாள் யார் வந்து முன்பணம் கேட்டாலும், கையெழுத்துக் கேட்டாலும், ஆதார் நகல் கேட்டாலும் அன்றே கொடுக்காதீர்கள். கூட்டமைப்பு அலுவலகத்திலோ உங்கள் வங்கிக் கிளையிலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் ஒரு வாரம் காத்திருப்பார்.

பிறகு என்ன ஆனது?

முதலில் சொன்ன குழுவில் இந்தக் கலந்துரையாடலை இரண்டு மாதம் தொடர்ந்து நடத்தினோம். இரண்டாவது மாதம் அந்த மூத்த அம்மாவே பேச்சை எடுத்தார். நான்கு பேர் சேர்ந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, மரியாதையாகப் பேசினார். ஆனால் சேரவில்லை.

"கோபம் எல்லாம் இல்லைக்கா. அன்னைக்கு நீங்க எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அது இன்னும் மனசுல நிக்குது. அங்க வந்து உக்காந்தா அதுதான் ஞாபகம் வரும்" என்றார்.

இப்போது பக்கத்துத் தெருவில் உள்ள வேறு ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். அங்கே சேமிப்பு கட்டி வருகிறார். பத்து வட்டிக் கடனில் அசல் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. அதை அடைக்க உள்கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். ஜாக்கெட் தைக்க அவரிடம் துணி கொடுப்பவர்களில் அந்தப் பழைய குழு உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் குழு தங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறது: "குழுவில் சேர வருபவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு செய்யப்படும். சேர்க்க முடியாது என்றால் காரணம் புத்தகத்தில் எழுதப்படும்." காரணத்தை எழுத வேண்டும் என்ற உடனே, எழுத முடியாத காரணங்கள் தானாகவே நின்றுவிடும் என்று அந்தக் குழுவின் பிரதிநிதி சொல்கிறார்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். அப்படி ஒரு தீர்மானம் போட முடியுமா என்று யோசியுங்கள். என்ன பேசினீர்கள், எங்கே சிக்கல் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். எழுத நேரம் இல்லை என்றால், கிளஸ்டர் கூட்டத்துக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறோம்.